கருந்துளையைக் கழற்றியவன்

என் மனைவி ஐந்து வருஷம் பாடுபட்டுச் சேர்த்த கருந்துளையை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டீ ஆறுவதற்குள், நான் ஸ்டார் ஸ்குரூ டிரைவரால் கழற்றிப் போட்டேன். மொத்தம் ஆறு திருகாணி. ஆறாவது கொஞ்சம் முரண்டு பிடித்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன்.

குற்றம் ஆளுடையது அல்ல, பழக்கத்தினுடையது என்று வக்கீல் வைத்தால் சொல்வார். தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில் எனக்கு ஒரு பட்டறை உண்டு. ஆபீஸ்களில் கழித்துப் போடும் ஹார்ட் டிஸ்க்குகள் சாக்குச் சாக்காக வரும். மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் காந்தத்தை நெம்பி எடுத்து, அலுமினியம் ஒரு குவியல், பச்சை போர்டு ஒரு குவியல், பளபளவென்று சுழலும் தட்டு ஒரு குவியல் என்று பிரிப்போம். காந்தம் இரண்டு இருக்கும், வெட்டிப் போட்ட நகம் மாதிரி. பார்க்கச் சின்னதுதான். இரண்டுக்கும் நடுவில் விரல் மாட்டினால் எந்த மதத்துக்காரனும் அவனவன் சாமியைக் கூப்பிடுவான். பதினெட்டு வருஷமாக இதே வேலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். அன்று கண்ணைக் கட்டாமலே அப்படித்தான் செய்தேன்.

அந்தக் கருந்துளை இருந்த டிஸ்க்கை என் மனைவி வடிவுதான் காலையில் என் கையில் கொடுத்தாள். குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஊதாத் துணிப்பையில் போட்டு, கோயிலுக்குப் போகிற வழியில் மாட்டுங்காவில் வாலாம்பாள் டீச்சர் வீட்டில் கொடுத்துவிடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். செவ்வாய்க்கிழமை நான் மாட்டுங்காவுக்குச் சாமி கும்பிடப் போவது வழக்கம். அன்று பார்த்து, அந்தேரியிலிருந்து சரக்கு வண்டி வருகிறது என்று போன். முருகன் எங்கே போய்விடப் போகிறான், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேராகப் பட்டறைக்குப் போனேன். பையை மேஜையில் வைத்தேன். காந்தம் வாங்க வந்த சேட் வெறுங்கையோடு வந்திருந்தார். அவருக்கு ஒரு பை தேவைப்பட்டது. என்னிடம் ஒரு நல்ல ஊதாப் பை இருந்தது. மீதியை நீங்களே ஊகிக்கலாம். அந்தக் குமிழ் பிளாஸ்டிக்கைப் படபடவென்று உடைத்து விளையாடியது நானா, என்னோடு வேலை பார்க்கும் கணேசபாண்டியனா என்பது மட்டும் இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

மூடியைத் திறந்து, காந்தத்தை நெம்பி, தட்டை வெளியே எடுத்தேன். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு: கீறல் இல்லாத தட்டு கிடைத்தால் அதில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிவிட்டுத்தான் குவியலில் போடுவோம். அந்தத் தட்டு அப்படி ஒரு கண்ணாடி. பனியனில் ஒரு துடை துடைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மீசையை ஒதுக்கினேன். ஆள் நன்றாகவே இருந்தேன். பிறகு போர்டைக் கழற்றுவதற்காக டிஸ்க்கைக் குப்புறத் திருப்பினேன். அடியில் ஒரு பேப்பர் டேப் ஒட்டியிருந்தது. அதில் வடிவின் கையெழுத்து: ‘ரன் 7–12. அத்தான், இது பங்கார் இல்லை.’

பங்கார் என்றால் பம்பாயில் பழைய சாமான். எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே தமிழில் எழுதியிருந்தாள். முன்யோசனை உள்ள பெண். டேப்பை மேல் பக்கம் ஒட்டியிருக்கலாம் என்று குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

வடிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முழுப்பெயர் சண்முகவடிவு. என் தாய்மாமன் மகள். இரண்டு பேரும் தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்தோம். ஒரே பௌதிகப் புத்தகத்தைப் படித்தோம். அந்தப் புத்தகம் என்னைப் பத்தாம் வகுப்போடு வெளியே தள்ளியது, அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. செம்பூரில் ஒரு ஜூனியர் காலேஜில் பௌதிகம் நடத்துகிறாள். ஐந்து வருஷமாக, வேலை போக மிச்ச நேரத்தில், டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. கருந்துளைக்குள் விழப்போகும் வாயுவைக் காந்தப்புலம் என்ன செய்கிறது என்பது தலைப்பு. வானத்தைப் பார்ப்பதில்லை. பெரிய கம்ப்யூட்டரில் ஒரு கருந்துளையையும் கொஞ்சம் வாயுவையும் கொஞ்சம் காந்தத்தையும் கணக்காகப் போட்டு, வாரக்கணக்கில் ஓட விட்டு, என்ன நடக்கிறது என்று பார்ப்பாள். ஒரு ஓட்டத்துக்கு ‘ரன்’ என்று பெயர். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள ரன்கள்தான் அவளுடைய கடைசி அத்தியாயம். பெரிய கம்ப்யூட்டரில் மூன்று மாதத்துக்கு மேல் எதையும் வைக்க விடமாட்டார்கள், தானாக அழிந்துவிடும். அதனால் டிஸ்க்கில் இறக்கியிருந்தாள். அதற்கு இன்னொரு பிரதி எடுத்து வைக்கத்தான் டீச்சர் வீட்டுக்கு அனுப்பினாள். அதாவது, பத்திரப்படுத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதுதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாதம் ஜெர்மனியில் பான் என்ற ஊரிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. இரண்டு வருஷ வேலை, இதே ஆராய்ச்சி. ஆகஸ்ட் முடிவதற்குள் ஆராய்ச்சி நூலைக் கொடுத்துவிட்டால் அக்டோபரில் போகலாம். எங்களுக்குக் குழந்தை கிடையாது. வீட்டில் இரண்டே பேர். ஒருவர் போனால் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடப் பௌதிகம் தேவையில்லை.

போவாயா என்று நானும் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதாவது, பான் நகரத்தில் உளுந்தவடை கிடைக்குமா என்று கேட்டேன். ஜெர்மன்காரன் பழைய ஹார்ட் டிஸ்க்கை எங்கே போடுகிறான், எனக்கும் அங்கே ஒரு சந்து பார்த்து வை என்றேன். ‘பாப்போம்’ என்பாள். இல்லாவிட்டால் சிரிப்பாள். அவள் சிரிப்பில் போகிறேன் என்று இருக்கிறதா, போகவில்லை என்று இருக்கிறதா என்று நான் தேடித் தேடிப் பார்த்ததில் அவளுக்குக் கடைவாயில் ஒரு பல் சொத்தை என்று கண்டுபிடித்தேன். அவ்வளவுதான்.

அன்று டேப்பைப் படித்தவுடன் நான் செய்த முதல் காரியம், எல்லாவற்றையும் உள்ளே வைத்து மறுபடி மூடியது. ஐந்து திருகாணி போட்டேன். ஆறாவது எங்கேயோ காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஆட்டோ பிடித்துச் செம்பூர் போனேன். வடிவு வகுப்பை முடித்து வரும்வரை ஆசிரியர் அறை வாசலில் நின்றேன். வழியெல்லாம் ஒரு வேடிக்கைப் பேச்சு தயார் செய்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அதை அப்படியே விட்டுவிட்டேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். மீசை ஒதுக்கியதைக் கூட.

‘சரி’ என்றாள்.

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை. டிஸ்க்கை வாங்கிக் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்த்தாள். உள்ளே ஏதோ கலகலத்தது. கடலை உருண்டை டப்பா மாதிரி இருக்கிறது என்று என் வாய் சொல்லப் பார்த்தது. நல்லவேளை, அந்த ஒரு தடவை வாய் என் பேச்சைக் கேட்டது. மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு வந்தாள். லாமிங்டன் ரோட்டில் ஃபர்ஸானா என்று ஒருத்தி, செத்துப்போன டிஸ்க்குகளிலிருந்து தகவலை எடுத்துக் கொடுப்பவள். அங்கே போனோம். குர்லாவில் ஒரு வண்டி மாறி, தாதரில் இன்னொன்று மாறி. அவள் லேடீஸ் பெட்டியில், நான் ஜெனரல் பெட்டியில். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த ஏற்பாட்டுக்கு ரயில்வேயை மனசார வாழ்த்தினேன்.

ஃபர்ஸானாவின் கடை இரண்டாவது மாடியில், ஒரு மேஜை, ஒரு விளக்கு, பின்னால் கண்ணாடிப் பெட்டி போல ஒரு சின்ன அறை. கையுறை போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தாள். விளக்கைச் சாய்த்தாள். இதைத் திறந்தது யார் என்று இந்தியில் கேட்டாள். யாரோ மடையன் என்று நான் ஆரம்பிப்பதற்குள் வடிவு என்னைக் கை காட்டினாள். ஃபர்ஸானா தட்டில் இருந்த ரேகையைப் பார்த்தாள், என் கட்டைவிரலைப் பார்த்தாள், இரண்டுக்கும் உறவு உண்டு என்று முடிவு செய்தாள். கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்கவும் செய்யலாம், கிடைக்காமலும் போகலாம் என்றாள். எத்தனை சதவீதம் என்றேன். பத்து நாள் என்றாள். நான் கேட்டது சதவீதம், அவள் சொன்னது தேதி. இந்த ஊரில் எந்தக் கேள்விக்கும் பக்கத்து வீட்டுக் கேள்வியின் பதில்தான் கிடைக்கும்.

மறுநாள் பட்டறையில் கணேசபாண்டியன் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அவன் பேசாமல் இருந்தால் ஏதோ ஊறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பதினோரு மணி வாக்கில் டீக் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னான்:

‘அண்ணாச்சி, ஒரு விதத்துல நல்லதாப் போச்சுல்லா. இனி மதினி போவ மாட்டாவ.’

வாயை மூடு என்றேன்.

‘தப்பா எடுத்துக்கிடாதிய. ஒங்களுக்குத் தெரியாம ஒங்க கை செஞ்சிருக்கும். கைக்கும் ஒரு மனசு உண்டும்லா.’

அவனைத் திட்டினேன். திட்டி முடித்துக் கையைப் பார்த்தேன். பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் டிஸ்க். கழற்றக் கூடாத டிஸ்க் என்று ஒன்றே ஒன்றுதான் இதுவரை வந்தது. அதைக் கழற்றியிருக்கிறேன். எண்ணெய் வேறு விட்டுக் கழற்றியிருக்கிறேன். கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். விசாரணையில் எதிரி வாய் திறக்கவில்லை.

வீட்டில் வடிவு வழக்கம் போலத்தான் இருந்தாள். சாம்பாரில் உப்புச் சரியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. கோபமா என்று கேட்டால் இல்லை என்றாள். வருத்தமா என்றால், ‘அதெல்லாம் இப்ப என்னத்துக்கு’ என்றாள். லாப்டாப்பில் பழைய படங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு கறுப்பு வட்டம், சுற்றிலும் செம்மஞ்சளாகச் சுழல்கிற வாயு, அதற்குள் தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகள் என்ன என்று கேட்டிருக்கலாம். ஐந்து வருஷத்தில் ஒரு தடவை கூட நான் கேட்டதில்லை என்று அப்போதுதான் தோன்றியது. நான் கேட்டதெல்லாம், இது என்ன, ஜிலேபியா?

அடுத்த செவ்வாய்க்கிழமை முருகனை ஒரு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு வாலாம்பாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். வடிவின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர்தான். அறுபத்தைந்து வயது, மாட்டுங்காவில் மூன்றாம் மாடி, வீடு முழுக்க காகிதம். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். வாங்கோ, காபி ஆறிடும் என்றார். மன்னிப்புக் கேட்டேன். சர்க்கரை போதுமா என்றார். இரண்டு கேள்வி கொண்டு போயிருந்தேன். டிஸ்க் கிடைக்காவிட்டால் வடிவு ஆகஸ்டுக்குள் நூலைக் கொடுக்க முடியுமா? முடிந்தால், அவள் போவாளா? இரண்டையும் நேராகக் கேட்கத் தைரியம் இல்லாமல், சுற்றி வளைத்து, அந்த ரன்னில் அப்படி என்னதான் டீச்சர் இருந்தது என்று ஆரம்பித்தேன். அது தப்பாகப் போயிற்று. அவர் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கருந்துளை என்றால் நான் நினைத்திருந்தது ஒரு பெரிய குழி, பக்கத்தில் போனதெல்லாம் தொபுக்கென்று உள்ளே. அப்படி இல்லையாம். பக்கத்தில் போகும் வாயு முதலில் சுற்றத்தான் செய்யுமாம். சுற்றுகிற பொருளிடம் அந்தச் சுற்று ஒரு சொத்து மாதிரி இருக்கிறது. அதை வேறு யார் தலையிலாவது கட்டிவிட்டால்தான் உள்ளே இறங்க முடியும். கட்டாதவரை எத்தனை பசியோடு கருந்துளை காத்திருந்தாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இந்த இடத்தில்தான் காந்தப்புலம் வருகிறது. உள்வட்டத்தில் வேகமாகச் சுற்றும் வாயுவையும் வெளிவட்டத்தில் மெதுவாகச் சுற்றும் வாயுவையும் அது ரப்பர் கயிறு போலக் கட்டிப் போட்டிருக்கிறது. கயிறு இழுபட இழுபட, உள்ளே இருப்பதன் சுற்றெல்லாம் வெளியே இருப்பதற்குப் போய்ச் சேர்கிறது. சொத்தை இழந்தது உள்ளே இறங்குகிறது. சொத்து கிடைத்தது இன்னும் தூரம் விலகிப் போகிறது.

அப்படியானால் காந்தம்தான் பிடித்துத் தள்ளிவிடுகிறது என்றேன். பாதிக் கதை அது, மீதியில்தான் வடிவு இருக்கிறாள் என்றார் டீச்சர்.

மீதி இது. உள்ளே இறங்கும் வாயு அந்தக் காந்தக் கோடுகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வருகிறது. வாயு உள்ளே போய்விடும். கோடுகள் கருந்துளையின் வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் குவியும். காலை எட்டரை மணி தாதர் பாலம் மாதிரி. ஒரு அளவுக்கு மேல் குவிந்துவிட்டால், அதுவே வெளியிலிருந்து வரும் வாயுவை எதிர்த்துத் தள்ள ஆரம்பிக்கும். உள்ளேயிருந்து அத்தனை பெரிய இழுப்பு, முன்னால் இந்த நெரிசல். வாயு வாசலிலேயே தேங்கி நிற்கும். எங்கேயாவது கொஞ்சம் இடம் விட்டால் ஒரு கீற்று உள்ளே வழுக்கி இறங்கும்; சில சமயம் குவிந்திருந்த காந்தம் ஒரு பக்கமாக வெடித்து வெளியே சிதறும். மறுபடி குவியும், மறுபடி தடுக்கும். எவ்வளவு நேரம் தாங்கும், எதனால் விட்டுக்கொடுக்கும் என்பதுதான் ஏழிலிருந்து பன்னிரண்டு.

இது எனக்குப் புரிந்தது. டீச்சர் நினைத்ததை விட அதிகமாகவே புரிந்தது. ஒத்த முகம் உள்ள இரண்டு காந்தத்தை நேருக்கு நேர் வைத்து அமுக்கிப் பாருங்கள். எவ்வளவு பலம் கொடுத்தாலும் நடுவில் ஒன்றும் இல்லாத ஏதோ ஒன்று தாங்கிக்கொண்டு நிற்கும். ஆனால் ஒரு ஓரம் லேசாகச் சாய்ந்தால் போதும், சரக்கென்று வழுக்கிவிடும். இதைச் சொன்னேன். டீச்சர் டபராவைக் கீழே வைத்துவிட்டு, கிட்டத்தட்ட அதேதான், எந்தப் புஸ்தகத்தில் படித்தீர்கள் என்றார். விரலில் படித்தேன் என்று நகத்துத் தழும்பைக் காட்டினேன்.

‘அப்ப டீச்சர், காந்தம் விழ வைக்குதா, விழாமத் தடுக்குதா?’

‘ரெண்டும்தான். தூரத்துல இருக்கறச்சே விழ வைக்கும். வாசல்கிட்ட வந்தா அதுவே தடுக்கும்.’

ஐந்து வருஷத்துக்கு முன்னால், இந்த வயசில் எனக்கு எதற்கு ஆராய்ச்சி என்று உட்கார்ந்திருந்தவளுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தவன் நான். நேர்காணலுக்குக் கொட்டும் மழையில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவன் நான். வீட்டு வேலையை, சொந்தக்காரர்களின் கேள்வியை, ஆடி அமாவாசையை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ படி என்று அவள் சுற்றை வாங்கி என் தலையில் போட்டுக்கொண்டவன் நான். இப்போது அவள் வாசலுக்கு வந்தவுடன் குறுக்கே நிற்பவனும் அதே ஆள்தான். இதற்கு விஞ்ஞானத்தில் பெயர் இருக்கிறது என்பது தெரியாமல் இத்தனை நாள் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் முதல் கேள்வியைக் கேட்டேவிட்டேன். டிஸ்க் போய்விட்டால்? டீச்சர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். முதல் ஆறு ரன் லாப்டாப்பில் இருக்கிறது, அதை வைத்துக்கூட எழுதலாம், கொஞ்சம் இளைத்த நூலாக இருக்கும், தேர்வாளர்கள் என்ன சொல்வார்களோ, பான்காரர்களும் ஒரு மாதம் பொறுத்தாலும் பொறுப்பார்கள் என்றார். அதாவது டிஸ்க் போனாலும் வடிவு போகலாம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் பொய் சொல்லவில்லை, சந்தோஷம் வந்தது. ஆனால் அது வருவதற்கு ஒரு கணம் முன்னால், அதைவிட வேகமாக, வேறொன்று உள்ளே வந்துவிட்டது. ஜெயித்துவிடுவோம் என்று நினைத்திருந்த ஆட்டம் போன மாதிரி ஒரு சப்பென்ற உணர்வு. காபியைக் குடிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டேன். டம்ளர் காலியாக இருந்தது.

இரண்டாவது கேள்விக்கு டீச்சர் சிரித்தார். ‘அதை நீங்க அவளைன்னா கேக்கணும்’ என்றார்.

பத்து நாள் பன்னிரண்டு நாளாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபர்ஸானா வரச் சொன்னாள். இரண்டு பேரும் போனோம். வேறொரு டிஸ்க்கில் போட்டுத் தந்தாள். வடிவு அங்கேயே லாப்டாப்பை மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஏழு இருந்தது. எட்டு, ஒன்பது இருந்தது. பன்னிரண்டு முழுசாக இருந்தது. பத்தும் பதினொன்றும் இல்லை. அந்த இரண்டும் எங்கே போயின என்று ஃபர்ஸானா வாயால் சொல்லவில்லை. தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். வெற்றிக் குறி என்று நினைத்து நானும் உயர்த்தப் போய்ப் பாதியில் இறக்கிக்கொண்டேன்.

கீழே வந்தால் தெருவில் மழை கொட்டுகிறது. குடை ஒன்று, அதில் கம்பி இரண்டு உடைந்தது. மாடிப்படியிலேயே உட்கார்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடைகள் அடைத்திருந்தன, ஆள் நடமாட்டம் இல்லை. வடிவு டிஸ்க்கை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நாலு போதுமா என்று கேட்டேன். போதும் போலத்தான் இருக்கு, பத்துல என்ன இருக்கும்னு எனக்கு ஏற்கெனவே பாதி தெரியும், பதினொண்ணுதான் கொஞ்சம் நஷ்டம் என்று மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொண்டு டீக்கடை தேடிப் போயிருப்பார்கள். எனக்கும் அதுதான் திட்டம். எழுந்திருக்கக்கூடப் பார்த்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

‘வடிவு, அன்னைக்கு நான் தெரிஞ்சு கழத்தலை.’

‘தெரியும்.’

‘கேளு. தெரிஞ்சு கழத்தலை. ஆனா டிஸ்க் போனாலும் நீ போலாம்னு டீச்சர் சொன்னப்ப, எனக்கு ஒரு நிமிசம் சப்புன்னு ஆயிட்டு. ஒரு நிமிசம் கூட இல்ல. ஆனா ஆயிட்டு. அதை ஒங்கிட்ட சொல்லிரணும்னு தோணுது.’

படிக்கட்டின் ஓரத்தில் தண்ணீர் ஒழுகி எங்கள் செருப்புப் பக்கம் வந்தது. அவள் என் செருப்பை எடுத்து ஒரு படி மேலே வைத்தாள். தன்னுடையதை வைக்கவில்லை.

‘நீங்க வந்து செம்பூர்ல சொன்னியள்லா, அன்னைக்கு எனக்கும் ஒரு நிமிசம் அப்பாடான்னு இருந்துச்சு’ என்றாள். ‘இனிமே நான் முடிவு பண்ண வேண்டாம், டிஸ்க்கே பண்ணிட்டுன்னு. அதான் கோவமே வரலை. வீட்டுக்கு வந்த பொறவுதான் வந்துச்சு. உங்க மேல இல்ல. எம்மேலதான்.’

பன்னிரண்டு நாளாக நான் கையை விசாரித்துக்கொண்டிருந்தேன். அவள் வேறொரு விசாரணை நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள். உப்புச் சரியாகப் போட்டுக்கொண்டே.

‘நீ ஏன் இத்தன நாளும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை?’

‘நீங்க எங்க கேட்டிய?’

‘மூணு மாசமாக் கேக்கேனே.’

‘வடை கிடைக்குமான்னு கேட்டிய. அங்க பங்கார் கடை போடலாமான்னு கேட்டிய. நீங்க சிரிச்சிகிட்டே கேட்டா நானும் சிரிச்சிகிட்டேதான பதில் சொல்லணும். ஒரு நாளாவது மூஞ்சிய நேரா வச்சுக் கேட்டியளா?’

கேட்கவில்லை. நேராகக் கேட்டால் நேராகப் பதில் வந்துவிடுமே என்ற பயம். கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்து, சுற்றுவதையே குடும்பம் நடத்துவதாக வைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுகூட வாயில் ஒன்று தயாராக வந்து நின்றது: ஜெர்மன்காரனுக்கு என் மூஞ்சியை நேராகப் பார்க்கத் தாங்குமா என்று. நல்ல வேடிக்கைதான். சொன்னால் அவள் சிரிப்பாள். மழை விடும். வீட்டுக்குப் போய்விடலாம். ஆகஸ்ட் வந்து, அதுவும் போய்விடும்.

விழுங்கினேன்.

‘போறியா வடிவு?’

என் குரல் எனக்கே தெரியாத ஒருத்தனுடையது மாதிரி இருந்தது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எங்கேயாவது சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று தேடினாள் போல. இல்லை என்று தெரிந்ததும் மடியில் இருந்ததை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

‘போறேன்’ என்றாள். ‘ரெண்டு வருசம். நீங்க கூட வர வேண்டாம். வந்தா நான் அங்க ஒங்களைப் பாத்துகிட்டே இருப்பேன், வேலை ஓடாது. தனியாப் போவணும்னு எனக்கு ஆசையா இருக்கு அத்தான். பயமாவும் இருக்கு. திரும்பி வருவேன். ஆனா போறேன்.’